கீழிருந்து முப்பதாவது

ஞானசிகாமணி குடையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பள்ளத்தை அளந்துகொண்டிருந்தார். குடை மூன்றடி. ஐந்து குடை அகலம் வந்தது. திருப்தியில்லாமல் இரண்டடி வலப்பக்கம் நகர்ந்து நின்று மறுபடி அளந்தார். ஐந்தேகால்.

நேற்றுப் பகல் வரை அது வண்டிப்பாதையாக இருந்தது. குன்றின் பின்பக்கமாக வளைந்து ஏறி அவர் வீட்டு வாசலில் வந்து முடியும் ஒற்றை மண்பாதை. இடவப்பாதிப் பருவமழை அதன் நடுவிலிருந்து ஒரு துண்டை அப்படியே பிய்த்துக்கொண்டு போயிருந்தது. பள்ளத்தின் அடியில் சிவப்புத் தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மழை கொட்டிக்கொண்டிருந்த விடியற்காலையில்தான், ஐந்தே முக்காலுக்கு, அவருடைய மனைவி தங்கபாய் பதினோரு நாள் காய்ச்சலுக்குப் பிறகு இறந்துபோனாள்.

எதிர்க்கரையில் சிவதாணு நின்றார். சாலை பஜாரில் இரும்புக்கடை. குன்றின் அடிவாரத்தில், கரமனை ரோட்டை ஒட்டி வீடு. இருபது வருஷச் சிநேகிதர். நனைந்த வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார்.

"பதினஞ்சே முக்கால் அடி," என்று ஞானசிகாமணி சத்தமாகச் சொன்னார்.

"அளந்து என்னவே செய்யப் போறீரு? பாலம் கட்டப் போறீரா?"

"ரெண்டு தென்னைய வெட்டிக் குறுக்க போட்டா..."

"போட்டு? நனைஞ்ச தடி மேல ஆறு பேரு, தோளில பெட்டி. ஒரு குழிக்குப் பதிலா ஏழு குழி வெட்டச் சொல்லணும்." சொல்லிவிட்டு சிவதாணு தலை குனிந்துகொண்டார். "தப்பா எடுக்காதீரும். வாய் அப்பிடிப் பழகிப்போச்சு."

"பெட்டி ஆயிட்டா?"

"ஆரியசாலையில ஆசாரி ஆணி அடிச்சிட்டிருக்கான். பதினொரு மணிக்கு எடுத்திரலாம். எடுத்து, மேல கொண்டாறது எப்பிடி, பின்ன அவங்கள வச்சுக் கீழ கொண்டு போறது எப்பிடி. அதுல்லா கேள்வி."

"யோசிக்கணும். ஒருவேள நாளைக்குக் காலையில தண்ணி வத்திச்சுன்னா..."

"ஓய்," என்றார் சிவதாணு. குரலை உயர்த்தவில்லை. "நாளைக்குன்னு மட்டும் சொல்லாதீரும். உபதேசியார் நாலு மணின்னு எல்லாருக்கும் சொல்லியனுப்பியாச்சு. கல்லறைத் தோட்டத்தில குழி வெட்ட வெட்டத் தண்ணி ஊறுதாம். சரிவு வழியா கொண்டாரச் சொல்லட்டா?"

"சரிவிலயா? ஆடு ஏறாது அதில."

சிவதாணு எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, "செரி, நான் பாக்கேன். நீரு வீட்டில போய் இரியும்," என்று திரும்பி நடந்தார்.

வீட்டில் போய் இருப்பதுதான் முடியாத காரியமாக இருந்தது. ஞானசிகாமணி கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். ஒன்பது பத்து. இந்நேரம் சைக்கிளில் ஏறி மராமத்து ஆபீசுக்குப் புறப்பட்டிருப்பார். முப்பது வருஷமாக டிராஃப்ட்ஸ்மேன். ராஜ்யத்தின் பாதிப் பாலங்களும் மதகுகளும் முதலில் அவர் மேஜையில் மையால் நின்று, பிறகுதான் தண்ணீரில் நின்றன. கைகள் எதையாவது பிடிக்க வேண்டும்போல் இருந்தன. குடையை மடக்கினார், விரித்தார்.

வீட்டின் முன்பக்கம் போய்ச் சரிவின் தலைப்பில் நின்றார். கரமனை ரோட்டிலிருந்து வீடு இருபத்தேழடி உயரம். அளந்த உயரம் அது. செங்குத்தான செம்மண். மழைநீர் அதில் விரல் விரலாகக் கோடு கீறியிருந்தது. பத்தடி இறக்கத்தில் ஒரு பெரிய கொல்லாமரம் தாழ்ந்து படர்ந்து நின்றதால், அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தங்கபாய் இதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகி, ஒரு மாதம் இடக்கையால் சமைத்தாள். படிக்கட்டு முடிகிறவரை இந்தப் பக்கமே போகக்கூடாது என்று அவர் அப்போது சொன்னார். அவள், "செரி, போகல்ல," என்றாள். அதற்குப் பிறகு அவரும் இந்தப் பக்கம் வரவில்லை. வண்டிப்பாதை, சைக்கிள், ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை இருவருமாக வண்டிப்பாதை வழியாகவே ஆலயத்துக்கு.

கூடத்துக்குள் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குன்றின்மேல் இருந்த மற்ற இரண்டு வீட்டுப் பெண்கள்தான். ராத்திரியே வந்துவிட்ட உபதேசியார் மூலையில் நாற்காலியில் வேதப்புத்தகத்தை மடியில் வைத்து அரைத்தூக்கத்தில் இருந்தார். ஞானசிகாமணியின் ஒரே மகள் ராஜபாய், நாலு நாளைக்கு முன் நெய்யூரிலிருந்து வந்தவள், அம்மாவின் தலைமாட்டில் இருந்தாள்.

தங்கபாயின் தாடையை ஒரு வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். மிக மெல்லிய துணி. காதோரம் முடிச்சுக்குப் பக்கத்தில் அதில் ஏதோ மங்கலாக ஒரு கோடு. அவர் குனிந்து பார்த்தார். கோடு நேராகப் போய், மடிந்து இறங்கி, மறுபடி நேராகப் போய், மறுபடி மடிந்தது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் போட்ட கோடு.

கொல்லம் ஆயிரத்து நூற்று மூன்று சிங்ங மாதத்தில், இந்த வீட்டுக்கு வந்த புதிதில், முதல் பிளான் போட்டார். ஐம்பத்து நான்கு படிகள், ஆறு அங்குல உயரம், நடுவில் நின்று மூச்சுவிட ஒரு தளம். ட்ரேசிங் துணியில் மை போட்டு முடித்த பிறகுதான் மழைநீருக்குச் சால் விடாதது உறைத்தது. அடுத்த வருஷம் இன்னொன்று. அதில் சால் இருந்தது. ஆனால் சரிவின் வளைவைக் கண்ணால் மதிப்பிட்டுப் போட்டிருந்தார், ஆபீஸிலிருந்து லெவல் கருவியை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கிச் சரியாக எடுத்துவிட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று வருஷம் ஆயிற்று. பிறகு வெட்டுக்கல்லா கருங்கல்லா என்று ஒரு யோசனை. பிறகு கைப்பிடிச்சுவர். ஆறாவது பிளான் இப்போதும் தகரக் குழாயில் இருந்தது. வேண்டாமென்று ஒதுக்கிய துணிகளைத் தங்கபாய் வெந்நீரில் ஊறவைத்துக் கசக்குவாள். கஞ்சிப் பசை கரைந்து போனால் அடியில் பூப்போல லினன் இருக்கும். கைக்குட்டை தைப்பாள். பேரப்பிள்ளைக்குச் சட்டை தைத்து நெய்யூருக்கு அனுப்பினாள். "ஒங்க படிக்கட்டைப் பிள்ளை உடுத்திருக்கு," என்று ஒருமுறை சிரித்தாள். அவரும் சிரித்தார்.

உள்ளறைக்குப் போய்த் தகரக் குழாயைத் திறந்தார்.

ராஜபாய் கால்மணி நேரம் கழித்து வந்து பார்த்தபோது அவர் மேஜையில் குனிந்திருந்தார். ஆறாவது பிளானின் மேல் ஒரு காகிதத்தை வைத்து, பென்சிலால் கொல்லாமரத்திலிருந்து இரண்டு கயிறு இழுத்திருந்தார். பெட்டியை ஒரு நீள்சதுரமாகப் போட்டு, அதற்கு நான்கு மூலையிலும் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, என்ன செய்யுதிய?"

"இறக்குறதுக்கு ஒரு வழி போட்டுப் பாக்கேன். பெட்டியோட நீளம் என்ன, ஆறடி வருமா?"

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மை அங்க கிடக்கா. ஒரு நிமிஷம் வந்து பக்கத்தில இருங்க."

"வாறேன். இதொண்ணு முடிச்சிட்டு வாறேன்."

"எப்பவும் இதொண்ணு முடிச்சிட்டுதான்," என்றாள் ராஜபாய். கோபமாகச் சொல்லவில்லை. அவர் பென்சிலை வைத்துவிட்டு எழுந்து கூடம் வரை போனார். தங்கபாயின் கால்மாட்டில் நின்றார். பாயில் உட்காரக் குனிந்தவர், கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, வெளியே போனார்.

பதினொன்றரைக்குக் கீழேயிருந்து ஆட்களின் சத்தம் கேட்டது. "தூக்கு, தூக்கு, மெல்ல." ரோட்டில்தான் இருப்பார்கள் என்று நினைத்தார். ஆனால் சத்தம் பக்கத்தில், கொல்லாமரத்துக்கு உடனே கீழே வந்தது. பிறகு இலைகள் ஆடின. இலைகளுக்கிடையில் புதுப்பலகையின் வெளுப்புத் தெரிந்தது.

"ஓய், ஞானசிகாமணி," என்று சிவதாணு மரத்தடியிலிருந்து கூப்பிட்டார். "இதுவரைக்கும் கொண்டாந்தாச்சு. இனி மேல கயிறு போடணும்."

"எப்பிடி ஏறினீரு?"

"காலாலதான்."

அவர் சரிவின் விளிம்பில் உட்கார்ந்தார். ஐம்பத்து மூன்று வயதில், மல்வேட்டியோடு, செம்மண்ணில் சறுக்கிக்கொண்டே கொல்லாமரத்தின் வேர்வரை போய் நின்றார். முதுகு முழுவதும் சிவந்துவிட்டது. ஆட்கள் பெட்டியை வேரில் சாய்த்து வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மரத்தின் அடியிலிருந்து ரோடுவரை, படிகள் இறங்கின.

முதலில் அவருக்கு எரிச்சல்தான் வந்தது. ஒன்றுகூட நூல் பிடித்ததல்ல. நேராக இறங்க வேண்டிய இடத்தில் வேரைச் சுற்றி வளைந்தன. ஒரு படியில் நான்கு கல், அடுத்ததில் ஆறு. எல்லாம் உடைந்த வெட்டுக்கல், மூலை போனவை. இடுக்குகளில் ஓட்டுச்சில்லு செருகியிருந்தது. சால் இல்லை. ஆனால் ராத்திரி முழுக்கக் கொட்டிய மழையில் ஒரு கல்லும் அசையவில்லை.

"யாரு போட்டது இது?"

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். படிகளில் ஓரமாக ஒரு பெண், தலையில் தோர்த்துத் துண்டு போட்டு, கையில் சுற்றிய கயிற்றோடு நின்றாள். அடிவாரத்துக் கல்வெட்டாங்குழிக்காரனின் மனைவி, அம்மிணி. அவரைக் கண்டால் ஒதுங்கி நிற்கிறவள்.

"சாருக்கு அறியில்லையா?" என்றாள். "அக்காதான் சாரே. வேற யாரு."

அவர் படிகளைத் திரும்பிப் பார்த்தார்.

"போன ஓணம் கழிஞ்சு தொடங்கினா. சந்தைக்குப் போயிட்டு வாறப்போ எங்க குழியில ஒடஞ்ச கல்லு ஒண்ணு எடுப்பா. ஒண்ணுதான். ரெண்டு கொண்டு போங்க அக்கான்னா கேக்க மாட்டா. ரெண்டு எடுத்தா நாளைக்கு வரத் தோணாதுன்னு சொல்லுவா. மழைன்னா வரமாட்டா, சனி ஞாயிறு சார் வீட்டில இருப்பாருன்னு வரமாட்டா. எங்க ஆளு சொன்னாரு, அக்கா, நான் ஒரு நாளு வந்து மேலேருந்து கீழவரை முடிச்சுத் தாறேன்னு. பின்னே அக்கா சொன்னா, ஒரு பத்துப் படி ஆகட்டும்னு. பத்து ஆனப்போ, இருபது ஆகட்டும்னா." அவள் தோர்த்தால் முகத்தைத் துடைத்தாள். "காய்ச்சல் வந்த அன்னைக்கும் வந்தா. கல்லைக் கையில எடுத்துட்டு, ஒடம்பு வலிக்குது அம்மிணி, இத இங்கேயே வைக்கேன், நாளைக்கு எடுக்கேன்னு வச்சிட்டுப் போனா. குழிக்கரையில இருக்கு."

"மேலேருந்துல்லா தொடங்கணும்," என்றார் ஞானசிகாமணி. அவருடைய ஆறு பிளான்களிலும் முதல் படி வீட்டு வாசலில்தான் இருந்தது.

கயிறு முறுக்கிக்கொண்டிருந்த அம்மிணியின் புருஷன் நிமிராமலே சொன்னான்: "மேல வைக்கற கல்லு எதில சார் இருக்கும்? கீழ ஒரு கல்லு வேணுமில்லா."

சிவதாணு கொல்லாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒமக்குத் தெரியுமா?" என்று ஞானசிகாமணி கேட்டார்.

"கரமனை ரோட்டில போற காளைக்குக்கூடத் தெரியும். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினாவ."

ஞானசிகாமணி கீழே இறங்கினார். எண்ணிக்கொண்டே இறங்கினார். பாதிவழியில் கால் தானாகவே ஓர் ஒழுங்குக்கு வந்ததை உணர்ந்து நின்றார். அகலம் மாறியது, வளைவு மாறியது, ஆனால் உயரம் மாறவில்லை. குனிந்து ஒரு படியின் முகத்தில் கையை விரித்து வைத்தார். அடுத்ததில் வைத்தார். அவர் சாண் கொஞ்சம் மிஞ்சியது, எல்லாப் படியிலும் ஒரே அளவுக்கு மிஞ்சியது. ஏழு அங்குலம்.

போன சிங்ஙத்தில் ஒருநாள், சாப்பாடு பரிமாறிக்கொண்டே அவள் கேட்டாள். "ஒரு படிக்கு எவ்வளவு உயரம் இருந்தாக் கால் வலிக்காது?" அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு விளக்கினார். உயரத்தின் இருமடங்கோடு அகலத்தைக் கூட்ட வேண்டும், அது இவ்வளவுக்குள் வர வேண்டும், ஆனால் அதுவும் சரிவின் கோணத்தைப் பொறுத்தது, முழுப் பிளான் இல்லாமல் ஒரு படியைப் பற்றித் தனியாகப் பேசுவதே பிசகு. அவள் சாதக் கரண்டியோடு நின்று முழுவதும் கேட்டாள். பிறகு தன் கையை மேஜைமேல் விரித்து, "இவ்வளவு இருந்தாப் போதாதா?" என்றாள். அவர், "சாண் எல்லாம் ஒரு அளவா?" என்று சிரித்தார்.

இருபத்தொன்பது படிகள். அவர் மனது கேட்காமலே கணக்குப் போட்டது. இருபத்தேழடி, ஏழு அங்குலமாக வகுத்தால், ஐம்பத்து நான்கு அல்ல, நாற்பத்தாறு. மிச்சம் பதினேழு.

மேலே மரத்தடிக்கு வந்தார். பெட்டியைக் கயிறு கட்டி வாசலுக்கு இழுத்துவிட்டார்கள். காலிப் பெட்டி, லேசாகப் போய்விட்டது. இறங்கும்போது லேசாக இருக்காது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"மம்மட்டி இருக்கா?" என்று ஞானசிகாமணி அம்மிணியின் புருஷனிடம் கேட்டார்.

"எதுக்குவே?" என்றார் சிவதாணு. "மணி பன்னெண்டு ஆவுது. நாலு மணிக்குள்ள பதினேழு படி போடப் போறீரா? நீரு?"

"பதினேழு இல்ல. ஒண்ணு."

சிவதாணு அவரையே பார்த்தார். அங்கவஸ்திரத்தை எடுத்துக் கொல்லாமரக் கிளையில் போட்டார். "நீரு மம்மட்டி பிடிச்சுப் பாத்ததே கெடயாது. கால்ல போட்டுக்காதீரும்."

இருபத்தொன்பதாவது படிக்கு மேல் மண்ணில் அவர் முதல் வெட்டு வெட்டினார். ஈர மண் மம்மட்டியில் அப்பிக்கொண்டு வந்தது. காலால் தள்ளிவிட்டார். இரண்டாவது வெட்டு கோணலாக விழுந்தது. அதைச் சரிசெய்யப் போய் மூன்றாவது ஆழமாகப் போய்விட்டது. நிமிர்ந்து, ஒரு கண்ணை மூடி, தூரத்தில் நின்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. தளம் சரியில்லை. வலக்கோடி தாழ்ந்திருந்தது. அழித்துவிட்டு முதலிலிருந்து வெட்டினால்...

"காலை வச்சுப் பாருங்க சாரே," என்றாள் அம்மிணி.

வைத்தார். நின்றது.

"அப்போ மதி, அது போதும். அடுத்தது."

அடுத்ததை வெட்டினார். உள்ளங்கையில் கொப்புளம் எழுந்து உடைந்தது. அதற்கடுத்ததைச் சிவதாணு மூச்சிரைக்க வெட்டினார், இரும்பு விற்கிறவனுக்கு அதைப் பிடிக்கவும் தெரியும் என்று முனகிக்கொண்டே. கல் பதிக்க நேரமில்லை. வெட்டிய இடத்தில் அம்மிணி தென்னை மட்டையைப் போட்டு மிதித்தாள். மேலே பெண்கள் பாடத் தொடங்கியிருந்தார்கள். குரல்கள் காற்றில் வந்து வந்து போயின.

நாலாவது படி முடிந்தபோது, இரண்டரை மணிக்கு, ராஜபாய் சரிவின் தலைப்பில் வந்து நின்றாள்.

"அப்பா, குளிப்பாட்டியாச்சு. பெட்டியில வைக்கணும். வாங்க."

கயிற்றைப் பிடித்து ஏறி அவள் முன்னால் போய் நின்றார். தலைமுடியெல்லாம் மண். அவள் அவருடைய கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஒனக்கும் தெரியுமா?"

"கடுதாசி போட்டிருந்தா."

"எங்கிட்ட ஏன்..."

ராஜபாய் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவருக்குத் தெரியவில்லை. "வாசல்படி வரைக்கும் வந்து சேந்த பெறவு ஒங்களக் கூப்பிட்டுக் காட்டணும்னு எழுதியிருந்தா. அதுக்கு முன்ன சொன்னா, அப்பா வந்து எல்லாத்தையும் எளக்கிட்டுப் பிளான் படி போடுவோம்னு சொல்லுவாவ, பின்ன ரெண்டும் இருக்காதுன்னு."

அவர் தலையாட்டினார். அது உண்மை. அப்படித்தான் சொல்லியிருப்பார்.

இந்தத் தடவை கூடத்தில் பாயில் உட்கார்ந்தார். தங்கபாயின் வலக்கை வயிற்றின்மேல் இருந்தது. குளிப்பாட்டியும் நகக்கண்களில் சிவப்பு மண் மெல்லிய கோடாக மிஞ்சியிருந்தது. பல மாதமாக அவர் பார்த்த கோடுதான். தோட்டத்தில் கீரைப்பாத்தி என்று சொல்லியிருந்தாள். கீரையும் இருந்தது. அவர் அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, கட்டைவிரலோடு கட்டைவிரல் பொருந்த, தன் விரித்த உள்ளங்கையின்மேல் வைத்தார். விரல்கள் விறைத்திருந்தன. அவளுடைய சுண்டுவிரல் நுனி அவருடைய மோதிரவிரல் நுனிவரைதான் வந்தது. உபதேசியார் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். ஆமென் சொல்லும்வரை அவர் எழுந்திருக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நாலு மணிக்குப் பெட்டி புறப்பட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து பதின்மூன்று படி உயரத்துக்குப் படி இல்லை. வாசல் தூணில் இரட்டைக் கயிறு சுற்றி, மேலே நான்கு பேர் பிடித்துத் தளர்த்த, ஆறு பேர் பெட்டியைத் தோளில் ஏந்தி, பக்கவாட்டில் நண்டுபோல் இறங்கினார்கள். பாட்டு நின்றுவிட்டது. ஆட்களின் மூச்சு மட்டும் கேட்டது. ஞானசிகாமணி தலைமாட்டுப் பக்கம் பெட்டியின் ஓரத்தில் ஒரு கையும் மண்ணில் ஒரு கையுமாக இறங்கினார்.

மரத்துக்குச் சற்று மேலே முன்னால் போனவனின் கால் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே ஏதோ அசைந்து பலகையில் மெதுவாக இடித்த சத்தம் கேட்டது. மேலிருந்து ராஜபாய், "அம்மை," என்றாள். கயிறு விறைத்து நின்றது. வழுக்கியவனின் கால் சேற்றில் தேடிக்கொண்டே இறங்கி, தென்னை மட்டையில் பட்டு, நின்றது.

"இருக்கு," என்றான் அவன். "படி இருக்கு. வாங்க."

மண்ணில் வெட்டிய நான்கும் ஆறு பேரின் பாரத்தில் பாதி கரைந்தன. ஆனால் பாதி நின்றன. முப்பதாவதைக் கடந்து இருபத்தொன்பதில் முதல் கால் பட்டபோது, ஆட்கள் நிமிர்ந்தார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு யாரும் குனிந்து பார்த்து இறங்கவில்லை. வேரைச் சுற்றி வளைந்து, ஆறு ஜோடிக் கால்கள் ஒரே தாளத்தில் இறங்கின. பின்னால் யாரோ பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் குழியிலிருந்து வாளியால் தண்ணீர் இறைத்துக்கொண்டேயிருந்தார்கள். எல்லாம் சீக்கிரம் முடிந்தது. வரிசையாக வந்து ஒவ்வொருவரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அவரும் ஒரு பிடி போட்டார்.

திரும்பி வரும்போது ஆறு மணி. மேகம் விலகி, கரமனை ரோட்டில் தேங்கிய தண்ணீரில் மஞ்சள் வெளிச்சம் கிடந்தது. ராஜபாயும் மற்ற பெண்களும் முன்னால் படியேறிப் போனார்கள். ஞானசிகாமணி கல்வெட்டாங்குழிப் பக்கம் திரும்பினார். சிவதாணுவும் கூடவே வந்தார்.

குழிக்கரையில், ஒரு பனையோலைத் துண்டின்மேல், மூலை உடைந்த ஒரு வெட்டுக்கல் தனியாக இருந்தது. பதினொரு நாள் மழையில் அதன்மேல் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. அவர் அதை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டார்.

"இன்னைக்கேவா, ஓய்?" என்றார் சிவதாணு. "ராஜபாய் கஞ்சி வச்சிருப்பா. ஆபீசுக்கு லீவு இருக்கு. நாளைக்கு நல்லா வெயில்..."

முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். பிறகு குனிந்து, பக்கத்தில் கிடந்த இன்னொரு கல்லைத் தூக்கப் போனார்.

"ஒண்ணு போதும்," என்றார் ஞானசிகாமணி.

இருபத்தொன்பது படி ஏறினார். முப்பதாவது இருந்த இடம் மிதிபட்டுக் குழம்பிக் கிடந்தது. மட்டைகளை அகற்றி, மண்ணைக் கையால் வழித்து, கல்லை இறக்கி வைத்தார். உடைந்த மூலை உள்பக்கம் போகும்படி திருப்பினார். முழங்காலிட்டு, கீழ்ப்படியின் தளத்தில் கட்டைவிரலை ஊன்றி, கல்லின் முகத்தில் கையை விரித்தார். சுண்டுவிரலை மடக்கிக்கொண்டார். மோதிரவிரலின் நுனி கல்லின் விளிம்புக்குச் சற்றுக் கீழே நின்றது.

கல்லைத் தூக்கி எடுத்து, அடியிலிருந்து ஒரு பிடி மண்ணை வழித்துப் போட்டுவிட்டு, மறுபடி வைத்தார்.